பிந்தி வந்தவனுக்குப் பெரும் பந்தி

இரும்புக்கை மாயாவியைப் படிக்காமலேயே போய்ச் சேர்ந்திருப்பேனே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாயாவி, ஸ்பைடர், டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், கழுத்தெலும்புக்குக் கீழே ரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கும் அந்தப் பெயர் தெரியாத ஆள் என்று இத்தனை பேரும் தமிழில் பேச ஆரம்பித்து முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. சிவகாசியில் அச்சாகி, பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கி, ஒரு தலைமுறையே பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்து, அந்தத் தலைமுறைக்குப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். கேமரன் மலையின் வடக்குக் கோடியில், கோலா தெர்லாவில், காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருக்கும் என் கைக்கு இதெல்லாம் ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. வந்ததே, அது போதும்! பந்திக்கு முந்து என்பார்கள். இந்தப் பந்தியில் பிந்தி உட்கார்ந்தவனுக்குத்தான் யோகம். எல்லாம் இலையில் பரிமாறிக் கிடக்கிறது. அடுத்த கரண்டிக்காக எவர் முகத்தையும் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். வீட்டுக்குள் வரும் தமிழ் எழுத்து என்றால் ஞாயிற்றுக்கிழமை தமிழ் நேசன்தான். அதுவும் கிராணி வீட்டில் எல்லாரும் படித்து முடித்து, ஓரம் மடங்கி, காப்பிக் கறையோடு வரும். தானா ராத்தா கடைத்தெருவுக்குப் போகும்போது எப்போதாவது ஒரு ராணி காமிக்ஸ் கண்ணில் படும். தினத்தந்திக் குடும்பத்திலிருந்து 1984 ஜூலையில் தொடங்கி மாதம் இருமுறை வந்த புத்தகம் அது. ஜேம்ஸ் பாண்ட் துப்பாக்கியோடு அட்டையில் நிற்பார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். படக்கதையோடு எனக்கிருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

பிறகு இத்தனை வருஷம் கழித்து, பழனிக்குப் போன மச்சான் திரும்பும் வழியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நுழைந்து, மகனுக்கென்று ஒரு கட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். மகனோ கைப்பேசியில் ஜப்பான்காரன் மாங்கா படிக்கிறவன். கட்டைப் பிரிக்கக்கூட இல்லை. "மாமா, நீங்க வேணும்னா எடுத்துட்டுப் போங்க. லோரியில தூக்கம் வராம இருக்கும்" என்றான்.

தூக்கம் வரவில்லைதான்!

எங்கள் வேலை எப்படியென்றால், பொழுது சாய்ந்ததும் முட்டைக்கோஸும் தக்காளியும் சாலட் இலையும் ஏற்றிக்கொண்டு, கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, அங்கே நெடுஞ்சாலையைப் பிடித்து, நடுச்சாமத்தில் கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் உடனே இறக்கிவிட மாட்டார்கள். முன்னால் லோரி, அதற்கு முன்னால் லோரி. முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடப்பேன். அன்றைக்கு கேபின் விளக்கைப் போட்டுக்கொண்டு மாயாவியைப் பிரித்தேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்து, இறங்கி வந்து, கதவைத் தட்டிய பிறகுதான் வரிசை நகர்ந்ததே தெரிந்தது.

கதையைக் கேளுங்கள். லூயிஸ் கிராண்டல் ஒரு விஞ்ஞானியின் சோதனைச்சாலையில் உதவியாளர். ஒரு விபத்தில் வலக்கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தியிருக்கிறார்கள். இன்னொரு நாள் சோதனைச்சாலையில் ஏதோ வெடித்து, பெரும் மின்சாரம் உடம்பில் பாய்கிறது. ஆள் கருகியிருக்க வேண்டும். கருகவில்லை, மறைந்துவிடுகிறார். எல்லாம் மறைகிறது, அந்த இரும்புக்கையைத் தவிர. அது மட்டும் அந்தரத்தில் மிதந்துகொண்டு கதவைத் திறக்கிறது, பெட்டகத்தை உடைக்கிறது, ஒருவன் கழுத்தைப் பிடிக்கிறது. மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும். ஒரு கட்டுப்பாடு, ஒரு பலவீனம், ஒரு பயங்கரம், மூன்றையும் ஒரே யோசனைக்குள் வைத்த ஆளை என்ன சொல்லிப் பாராட்டுவது? கென் பல்மர் என்ற ஆங்கிலேயர் எழுதத் தொடங்கியது. பின்னால் டாம் டல்லி தொடர்ந்தார்.

ஆனால் எழுதியவர்களை விடுங்கள், வரைந்தவரைப் பாருங்கள். பார்சிலோனாவில் பிறந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான் அவரிடம் இருந்தன. ஈரமான தெருவில் விளக்கு வெளிச்சம் எப்படிச் சிதறும், கோட்டுக்குள் தோள் எப்படிக் குறுகும், பயந்தவன் கண்ணின் வெள்ளை எவ்வளவு தெரியும் என்று அந்த மனிதர் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கையை அவர் ஒருமுறைகூடச் சும்மா வரையவில்லை. விரல்கள் எப்போதும் எதையோ யோசித்துக்கொண்டிருக்கும். எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கிய இரவில் எதிரே வரும் மோட்டாரின் ஒற்றை விளக்கு மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும். மாயாவியைப் படித்த பிறகு அந்த விளக்கைப் பார்த்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

இன்னொரு சந்தோஷம், இந்த ஆள் முதலில் நல்லவரே இல்லை. சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கத்தான் கிளம்புகிறார். பிறகுதான் மெல்ல மனம் மாறி, நிழற்படை என்ற ரகசிய அமைப்புக்கு வேலை செய்கிறார். நாயகன் என்று முடிவு செய்துவிட்டு எழுதிய கதையில் இந்தத் திருப்பம் வராது.

லண்டனில் 'வேலியன்ட்' என்ற வார இதழின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபரில், இந்தக் கை மிதக்க ஆரம்பித்தது. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முல்லை தங்கராசன் ஆசிரியராக இருக்க, முதல் புத்தகமாக வந்ததும் இதே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆகத் தமிழன் கைக்கு வரும்போதே பத்து வருஷம் தாமதம். யாருக்கு அது தெரிந்தது? யார் கவலைப்பட்டார்கள்? 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று வரிசையாக வந்தன. 'வேலியன்ட்' 1976இல் நின்றுபோனது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சிவகாசியிலோ மாயாவிக்கு மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு. ஆக்ஸ்போர்டிலிருக்கும் ரெபெலியன் நிறுவனம் அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் உரிமைகளை வாங்கி, 2021இல் மாயாவியை மறுபடி அழகாகத் தொகுத்துப் போட்டபோது, அங்கே எத்தனையோ இளைஞர்கள் முதன்முறையாகப் படித்திருப்பார்கள். எனக்கு அதில் அளவில்லாத திருப்தி. லண்டன்காரனும் நானும் ஒன்றாகத்தான் பிந்தி வந்திருக்கிறோம். இடையில் அந்தக் கையைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது பட்டாசு ஊர்க்காரர்கள்!

(மாயாவி என்றதும் முகமூடி போட்டுக் குதிரையில் வருபவரை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர் லீ ஃபாக் படைத்த வேதாளம். ராணி காமிக்ஸில் அவரும் மாயாவி என்ற பெயரில்தான் வந்தார். இவர் வேறு, அவர் வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது.)

ஸ்பைடரைப் பற்றி நான் நிதானமாகப் பேச முடியாது. கூர்மையான காது, கூம்பிய தலைமுடி, வலை வீசும் துப்பாக்கி, பறக்கும் வண்டி, பெட்டகம் உடைக்கும் ஒரு கையாள், கெட்ட எண்ணம் கொண்ட ஒரு பேராசிரியர். இந்த ஆளுக்கு ஒரே ஒரு லட்சியம், உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும்! கொஞ்சம் கழித்து, கெட்டவர்களை அடக்குவதில்தான் அதிகப் பெருமை இருக்கிறது என்று கட்சி மாறிவிடுகிறார். அகம்பாவம் மட்டும் மாறவில்லை. 1965இல் 'லயன்' என்ற பிரிட்டிஷ் இதழில் டெட் கோவன் ஆரம்பித்த தொடர் இது. பிறகு இதை எழுத வந்தவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். உலகத்துக்கே நல்லவனைக் கொடுத்த மனிதர், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திமிர்பிடித்த திருடனுக்குக் கதை எழுதி அனுப்பியிருக்கிறார். கதைகளில் தர்க்கம் பார்த்தால் ஒரு பக்கம் தேறாது. ரெக் பன் வரைந்த முகங்களைப் பார்த்தால் ஒரு பக்கத்தையும் விட முடியாது.

இதெல்லாம் அறிமுகம். என்னை முழுதாக விழுங்கியது 'இரத்தப் படலம்'.

கடலோரத்தில் ஒரு மனிதன் கரை ஒதுங்குகிறான். தலையில் குண்டுக் காயம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் அதுவும் தெரியாது. ஒரு வயதான தம்பதி எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். உடம்பில் பதின்மூன்று என்ற பச்சை. துப்பாக்கி கைக்கு வந்தால் கை தானாக வேலை செய்கிறது. கொஞ்ச நேரத்தில் கொலைகாரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவனே இவன்தான் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. நாம் அதை நம்பத் தொடங்கும்போது இல்லை, இவன் வேறொருவன் என்று ஒரு ஆதாரம் வருகிறது. அந்தப் பெயருக்குப் பழகி, அவனுக்காக வருத்தப்பட்டு முடிப்பதற்குள் அதுவும் பொய். எத்தனை பெயர்! எத்தனை கல்லறை! மேலே சொல்ல மாட்டேன். அடித்தாலும் சொல்ல மாட்டேன்.

எழுதியவர் பெல்ஜியத்துக்காரரான ஜான் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ். ராபர்ட் லட்லமின் 'பார்ன் ஐடென்டிட்டி' நாவலிலிருந்துதான் வித்து எடுத்தேன் என்று வான் ஹாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வித்து அங்கேயிருந்து வந்தாலும் மரம் இவருடையது. 1984இல் தொடங்கிய கதையை இருவரும் 2007இல்தான் முடித்தார்கள். இருபத்து மூன்று வருஷம்! தமிழில் சிவகாசி லயன் காமிக்ஸின் ஆசிரியர் விஜயன் அதை 1980களிலேயே கொண்டுவந்துவிட்டார். ஒரு பாகம் வரும், பிறகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பில் முதல் பாகம் படித்தவர், பெண் பார்க்கப் போன வருஷத்தில் ஐந்தாம் பாகத்தைத் தேடியிருப்பார். 2010இல் எண்ணூறு பக்கத்துக்கு மேல் கறுப்பு-வெள்ளையில் தலையணை அளவுக்கு ஒரு தொகுப்பு வந்தது. 2018இல் முழு வண்ணத்தில் மறுபடி வந்தது. அதே வருஷம் மே மாதம்தான் வான்ஸ் காலமானார்.

அந்த வண்ணத் தொகுப்பை நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? வருஷக் கடைசி மழை. மலையில் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. லோரி நகர வழியில்லை. ஒரு பாகத்தை முடித்துக் கீழே வைத்தால் அடுத்தது பக்கத்திலேயே இருக்கிறது! இருபது, முப்பது வருஷம் மற்றவர்கள் தவித்த தவிப்பைப் போர்வைக்குள் உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டே தாண்டிப் போனேன். மூன்றாம் பாகத்தில் தலைகாட்டிய ஒருவன் பின்னால் எங்கேயோ திரும்பி வரும்போது, "அட, இவனா!" என்று எனக்கு உடனே தெரிந்தது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விட்டு விட்டுப் படித்தவர்கள் அந்த முகத்தை ஞாபகம் வைத்திருக்க முடியுமா? வான் ஹாம் பின்னிய கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிச்சுப் போடுகிறது என்பது மொத்தமாகப் படிப்பவனுக்குத்தான் தெரிகிறது. என் பொண்டாட்டி மட்டும், "பாதை திறந்துட்டாங்களாம், காய் அழுகுது, எந்திரிங்க" என்று இரண்டு முறை வந்து சொன்னார். மூன்றாவது முறை புத்தகத்தைப் பிடுங்கினார்.

சரி, கேப்டன் டைகர். பிரெஞ்சில் அவர் பெயர் புளூபெரி. 1963இல் 'பிலோத்' இதழில், ஜான் மிஷேல் ஷார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைய ஆரம்பித்தது. இதே ஜிரோதான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் விண்வெளிக் கனவுகளையெல்லாம் வரைந்து, 'ஏலியன்', 'ட்ரான்' படங்களுக்கும் வேலை செய்தவர். அந்தக் கை இங்கே அரிசோனா பாலைவனத்தை வரைகிறது. பாறையை வரைந்தால் கல்லின் சூடு தெரிகிறது. எங்கள் ஊரில் துவைத்த துணி காய நான்கு நாள் ஆகும். அந்த ஈரத்தில் உட்கார்ந்து 'தங்கக் கல்லறை'யைப் படித்தேன், தொண்டை வறண்டு போனது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மூடநம்பிக்கை மலை என்று அரிசோனாவில் உண்மையிலேயே ஒரு மலைத்தொடர் உண்டு. தொலைந்துபோன தங்கச் சுரங்கம் ஒன்று அங்கே இருப்பதாக நூறு வருஷத்துக்கு மேலாகக் கதை உலவுகிறது. அந்தக் கதையை எடுத்து, ஒரு பித்தலாட்டக்கார ஜெர்மானியனை உள்ளே விட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தங்கத் தோட்டாவால் சுடுகிற ஒரு ஆவியையும் வைத்தார் ஷார்லியே. தங்கத்தையே தோட்டாவாக உருக்கிச் சுடுகிற ஆவி! அது யார், ஏன் சுடுகிறது என்பதுதான் கதை. சட்டை அழுக்கு, மூக்கு உடைந்தது, சூதாட்டப் பழக்கம், மேலதிகாரிக்கு அடங்காத குணம், இதுதான் டைகர். முகத்துக்கு முதலில் பிரெஞ்சு நடிகர் ஜான் போல் பெல்மோந்தோவைத்தான் மாதிரியாக வைத்தார்களாம்.

'மின்னும் மரணம்' அதைவிடப் பெரிது. 2015இல் தமிழில் ஒரே தடித்த தொகுப்பாக வந்தது. உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையினர் மறைத்து வைத்த தங்கத்தைத் தேடி மெக்ஸிகோவுக்குப் போகிறார் டைகர். போனவருக்குக் கிடைத்தது துரோகம். பதவி போகிறது, மானம் போகிறது, சிறைக்குப் போகிறார், கடைசியில் ஜனாதிபதி கிராண்டைக் கொல்ல முயன்றவர் என்ற பழியும் சேருகிறது. பிரெஞ்சு வாசகர்களுக்கு நடுவில் சில வருஷம் கதையே கிடைக்கவில்லை. படைப்பாளிகளுக்கும் பதிப்பாளருக்கும் தகராறு. நாயகனைத் தேடப்படும் குற்றவாளியாக நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள்! அந்த இடைவெளி என் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பும் நேரம். பாவம், பிரெஞ்சுக்காரர்கள்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் கதை மாடஸ்டி பிளைசியுடையது, 'கத்தி முனையில் மாடஸ்டி'. பொண்டாட்டிக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். லக்கி லூக்கைப் படித்து லோரிக்குள் தனியாகச் சிரித்திருக்கிறேன். பக்கத்து லோரிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர், ரசிகர்களுக்கு அவர் 'தல'. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, மயக்கம் இல்லை. எந்தச் சண்டையிலும் தோற்க மாட்டார் என்பது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. டைகர் தோற்பார். தோற்று, அடிபட்டு, சேற்றில் கிடந்து எழுவார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அப்படிப்பட்ட ஆளைத்தான் பிடிக்கும்.

குறையே இல்லையா என்று கேட்டால் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கதைகளில் பெண்கள் அலறுவதற்கு மட்டுமே வருகிறார்கள். ஆப்பிரிக்கர்களையும் ஆசியர்களையும் வரைந்திருக்கும் விதம் சில இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. சின்ன அளவில் அச்சான பழைய புத்தகங்களில் எழுத்தைப் படிக்க எனக்குக் கண்ணாடி போதவில்லை, பூதக்கண்ணாடி கேட்கிறது. 2012க்குப் பிறகு வந்த பெரிய அளவு வண்ணப் புத்தகங்கள் அந்த வகையில் புண்ணியம்.

இப்போது நம் பக்கத்து வீட்டு அதிசயத்துக்கு வருகிறேன். சிவகாசிக்காரர்கள் எனக்குப் படக்கதை படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் லாட்டை நான் உருப்படியாகப் பார்த்தேன். மலேசியாவில் லாட்டைத் தெரியாதவர் யார்? பத்திரிகையில் தினம் பார்த்திருக்கிறோம். பார்ப்போம், சிரிப்போம், அதே பத்திரிகையில் நெத்திலியை மடிப்போம். 'கம்போங் பாய்' என்ற புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை உட்கார்ந்து படித்தது மட்டும் இல்லை. 1979இல் வந்த புத்தகம். எங்கள் லோரி மலையிலிருந்து இறங்கித் தரையைத் தொடும் சிம்பாங் பூலாயிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கோப்பெங். அந்த வட்டாரத்துக் கம்பத்தில் 1951இல் பிறந்த முகமட் நோர் காலிட்தான் லாட். பதின்மூன்று வயதில் அவருடைய முதல் படக்கதைப் புத்தகம் அச்சேறியது, கூலி 25 வெள்ளி. பிறகு பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபராக அலைந்து, அப்புறம்தான் முழுநேரம் வரைய வந்தார்.

புத்தகத்தைத் திறந்தால் கட்டங்களே இல்லை. பக்கம் முழுக்க ஒரே படம், கீழே கைப்பட எழுதிய இரண்டு மூன்று வரி. மருத்துவச்சி வந்து பிள்ளை பிறக்கிறது. குர்ஆன் ஓதப் போகிறான், ஆற்றில் கும்மாளம் போடுகிறான், சுன்னத்து நடக்கிறது, தூரத்தில் ஈயம் தோண்டும் ராட்சத இயந்திரம் இரைகிறது. கடைசியில் ஈப்போவுக்குப் படிக்கப் புறப்படுகிறான். அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, துப்பாக்கி இல்லை. அந்தப் பையனின் பரட்டைத் தலையையும் அப்பாவின் தொப்பையையும் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த இயந்திரம் கிராமத்தை விழுங்கப் போகிறது என்று புரிந்த பக்கத்தில் வந்த தண்ணீர் வேறு. எங்கள் லயங்களும் அப்படித்தானே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின?

அடுத்தது 1981இல் வந்த 'டவுன் பாய்'. ஈப்போ நகரம், ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு, ஃபிராங்கி என்ற சீனத் தோழன். ஒரு மலாய்ப் பையனும் சீனப் பையனும் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுக் கூத்தடிக்கும் பக்கங்களை இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஒட்டி வைக்கலாம். 2006இல் அமெரிக்காவில் 'கம்போங் பாய்' வெளியானபோது அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடினார்கள். 'சிம்ப்சன்ஸ்' படைத்த மேட் குரோனிங்கூட அதைப் புகழ்ந்தவர். இருபத்தேழு வருஷம் பிந்திப் படித்த அமெரிக்காக்காரனுக்கே அவ்வளவு சந்தோஷம் என்றால், அந்த ஊர் வழியாக லோரி ஓட்டுகிற எனக்கு எவ்வளவு இருக்கும்! இப்போதெல்லாம் கோப்பெங்கைத் தாண்டும்போது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுகிறேன். தோட்டத்துப் பிள்ளைப் பருவத்தை, கொழுந்துக் கூடையையும் பிரட்டுக்களத்தையும் மாரியம்மன் திருவிழாவையும், தமிழில் இப்படி வரைந்த புத்தகம் ஒன்று என் கண்ணில் இன்னும் படவில்லை. யாராவது வரைந்தால் முதல் பிரதி எனக்கு. பணம் முன்கூட்டியே தருகிறேன்.

அடுத்து தோர்கல் காத்திருக்கிறார். அதே வான் ஹாம் எழுத, போலந்துக்காரரான ரோஸின்ஸ்கி 1977இல் வரைய ஆரம்பித்த கதை. நட்சத்திரங்களிலிருந்து வந்த குழந்தை ஒன்று வைக்கிங்குகளிடம் வளர்கிறதாம். மதுரையிலிருக்கும் உறவினர் முகவரிக்குப் புத்தகங்களை வரவழைத்து, வருகிறவர் போகிறவர் பெட்டியிலெல்லாம் இரண்டு மூன்றாகத் திணித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் இனி இடமில்லை என்று வீட்டில் சண்டை.

செலாயாங்கில் எங்கள் சரக்கை எடுக்கும் சீனத் தவுக்கே ஒருநாள் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். டைகரின் படங்களைப் புரட்டினார். மறுவாரம் பழைய 'லாவ் ஃபூ ஸி' புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார். ஹாங்காங்கில் அல்ஃபோன்சோ வோங் வரைந்த கிழவர். 1962இல்தான், நம் மாயாவி பிறந்த அதே வருஷம், வர ஆரம்பித்தவர். பெரும்பாலும் ஆறு கட்டத்துக்குள் கதை முடிந்துவிடும், பேச்சே அதிகம் கிடையாது. சீனம் ஒரு எழுத்து தெரியாத நான் வரிசையில் நின்ற நேரத்தில் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன். உலகம் பூராவும் இப்படி எத்தனை பேர் நமக்காக வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களோ!

பதிலுக்கு அவருக்கு என்ன கொடுப்பது? 'தங்கக் கல்லறை'யை எடுத்து, படத்தைக் காட்டிக் காட்டி, எனக்குத் தெரிந்த பாசார் மலாயில் கதை சொல்ல ஆரம்பித்தேன். தவுக்கே காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சரக்கு இறக்கும் பங்களாதேஷ் பையன்கள் இருவரும் வந்து நின்றார்கள். ஆவி தங்கத் தோட்டாவால் சுடுகிற இடத்துக்கு வந்தபோது எங்கள் முறை வந்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு லோரியை எடுத்தேன். மறுநாள் நான் கோலா தெர்லாவில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. விலை பேசத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தால், தவுக்கே முதல் கேள்வியே, "சியாப்பா ஹந்து இத்து?" அந்த ஆவி யார்?

அடுத்த லோடுக்கு வரும்போது சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.